சும்மா இருக்கும்போது மட்டும் நின்றுபோன கணினி

என் மேசைக் கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒருநாளும் நின்றதில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலை மூலநிரலிலிருந்து தொகுக்கும்போது செயலியின் எல்லாக் கோர்களும் முழு மூச்சில் ஓடினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நான் எழுந்து போய் அரை மணி நேரம் கழித்துத் திரும்பினால்தான் திரை கருத்து, எந்த விசைக்கும் அசையாமல் கிடக்கும். சில நாள்களில் தானாகவே மறுதொடக்கமாகி உள்நுழைவுத் திரையில் நிற்கும். இருபது நிமிடம் தொடாமல் விட்டால் சஸ்பெண்ட் ஆகும்படி, அதாவது உறக்க நிலைக்குப் போகும்படி, டெபியன் லினக்ஸில் நானே அமைத்திருந்ததால், குற்றம் சஸ்பெண்டில்தான் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு என் மூன்று வாரத்தைத் தின்றுவிட்டது.

மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டதில் நினைவகத்தில் பிழை எதுவும் தென்படவில்லை. கணினி முந்தைய முறை ஓடியபோது எழுதிய பதிவுகளை ஜர்னல்சிடிஎல் கட்டளை மூலம் எடுத்துப் பார்த்தால், வழக்கமான ஏதோ ஒரு வரியோடு பாதியில் அறுந்திருந்தது. வட்டில் எழுதப்படுவதற்குள் செய்தி தொலைந்துபோகிறதோ என்ற ஐயத்தில், கெர்னல் செய்திகளை வலையமைப்பு வழியே இன்னொரு கணினிக்கு அனுப்பும் நெட்கன்சோலையும் அமைத்தேன். அங்கும் ஒரு வரிகூட வரவில்லை. கணினி உறைந்தாலும் கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிட உதவும் சிஸ்ரெக் விசைக்கும் பதில் இல்லை. கெர்னல் தன் தவற்றால் விழும்போது பெரும்பாலும் ஏதாவது புலம்பிவிட்டுத்தான் விழும் என்பதால், இந்த முழு மௌனம் கெர்னலுக்கும் கீழே எங்கோ கோளாறு இருப்பதைக் காட்டுகிறது என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

தானியங்கி சஸ்பெண்டை அடியோடு நிறுத்திய பிறகும் கணினி நின்றபோதுதான் பார்வை வேறு பக்கம் திரும்பியது. வேலையில்லாத நேரத்தில் செயலி சி-ஸ்டேட் எனப்படும் ஓய்வு நிலைகளுக்குப் போகும். நிலை ஆழமாக ஆக, அது இழுக்கும் மின்னோட்டம் குறைந்துகொண்டே போகும். இன்டெலின் நான்காம் தலைமுறைச் செயலிகள் 2013இல் வந்தபோது, ஆழ்ந்த ஓய்வில் அவை 12 வோல்ட் தடத்தில் வெறும் 0.05 ஆம்பியர் அளவுக்கு இறங்கக்கூடும் என்பதும், குறைந்தது 0.5 ஆம்பியராவது இழுக்கப்படும் என்று எண்ணி வடிவமைக்கப்பட்ட பழைய எஸ்எம்பிஎஸ்களால், அதாவது கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டிகளால், அதைத் தாங்க முடியாமல் போகலாம் என்பதும் பரவலாகப் பேசப்பட்டன. என் பெட்டிக்குள் இருந்த எஸ்எம்பிஎஸ் அதற்கும் முந்தையது. மதர்போர்டையும் செயலியையும் மாற்றியபோது, நன்றாகத்தானே ஓடுகிறது என்று அதை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தேன்.

சோதித்துப் பார்க்க மறுதொடக்கம்கூடத் தேவைப்படவில்லை. சிபியூபவர் கருவியால் ஆழமான நிலைகளை ஒவ்வொன்றாக முடக்கலாம். முதல் நிலையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை முடக்கியதும் கணினி ஆறு நாள்கள் நிற்காமல் ஓடியது. மீண்டும் திறந்துவிட்ட அன்று மாலையே விழுந்தது. இதற்கென்றே சில மதர்போர்டுகளின் பயாஸ் எனப்படும் தொடக்க மென்பொருளில், ஓய்வின்போதும் மின்னோட்டத்தை மிகவும் இறங்கவிடாத ஓர் அமைப்பு உண்டு. என் பயாஸில் அது இல்லாததால் புதிய எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் பொருத்தினேன். அதன்பின் எல்லா நிலைகளையும் திறந்துவிட்டும் கணினி ஒருமுறைகூட நிற்கவில்லை.

வெற்றிக் களிப்பில் தானியங்கி சஸ்பெண்டை மீண்டும் இயக்கினேன். மறுநாள் காலை அதே கறுப்புத் திரை! ஆக, இருந்தது ஒரு கோளாறு அன்று, இரண்டு. ஒன்றின் அடையாளம் மற்றொன்றை மறைத்திருந்தது. இம்முறை ஊகத்தை விட்டுவிட்டு, கெர்னலிலேயே உள்ள பிஎம்_டெஸ்ட் வசதியைப் பயன்படுத்தினேன். அது சஸ்பெண்டை நாம் சொல்லும் கட்டம் வரை மட்டும் நடத்தி, ஐந்து நொடி காத்திருந்து, திரும்ப எழுப்பும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை உறையவைக்கும் ஃப்ரீசர் கட்டம் சிக்கலின்றிக் கடந்தது. சாதனங்களை உறங்கவைக்கும் டிவைசஸ் கட்டத்திலேயே கணினி செத்தது. எந்தச் சாதனம் என்பதை அறிய பிஎம்_டிரேஸை இயக்கினேன். கடைசியாகக் கையாளப்பட்ட இடத்தின் குறியீட்டை அது கணினியின் கடிகாரத்திலேயே எழுதிவைக்கும் என்பதால் தேதியும் நேரமும் தாறுமாறாகிவிடும். உடனே மறுதொடக்கம் செய்து கெர்னல் செய்திகளைப் படித்தால் அந்தக் குறியீட்டோடு பொருந்தும் சாதனம் தெரியும். பலமுறை திருப்பிச் செய்தும் வைஃபை அட்டையே அகப்பட்டது.

லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சிஸ்டம்-ஸ்லீப் அடைவில் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்தேன். உறங்கப் போகும் முன் அந்த அட்டையின் டிரைவரை அது கழற்றும், விழித்தபின் மீண்டும் ஏற்றும். ஒட்டுவேலைதான், மறுக்கவில்லை. புதிய கெர்னல் வரும்போதெல்லாம் ஸ்கிரிப்ட்டை ஒதுக்கிவிட்டு ஒருமுறை உறங்கவைத்துப் பார்க்கிறேன். இதுவரை அதை நீக்க முடியவில்லை.