உண்ணிக் குச்சிக்குள் ஒரு குடும்பம்

போன வருடம் மூங்கில் குழாய்களைக் கட்டித் தொங்கவிட்டுக் காட்டுத் தேனீக்களுக்காகக் காத்திருந்தேன். குளவிகள் மண் அப்பிவிட்டுப் போனதுதான் மிச்சம். இம்முறை காசு செலவில்லை. வேலியோரம் காய்ந்து நின்ற உண்ணிச்செடித் தண்டுகளைச் சாண் நீளத்துக்கு ஒடித்து, மாடிப்படிக் கம்பியில் சணலால் கட்டினேன். ஒடிந்த முனைதான் முக்கியம். காய்ந்த குச்சிக்குள் கூடு வைக்கும் சின்னத் தேனீக்கள் பட்டையைத் துளைப்பதில்லை. முறிவில் தெரியும் நெட்டியை, அதாவது தண்டின் நடுவிலுள்ள மெத்தென்ற பகுதியை, குடைந்தே உள்ளே போகின்றன.

ஐந்தாவது வாரம் படியில் மாவு சிந்தியதுபோல் நெட்டித் தூள். மேலே பார்த்தால், ஒரு குச்சியின் முனையில் பொட்டுத் துளை. அதில் கறுப்பாக ஒரு தேனீ, கட்டெறும்பை விடச் சிறியது. துடைப்பக் குச்சியின் நுனியை நீட்டினேன். கொட்ட வரவில்லை, திரும்பிக்கொண்டு தன் பின்புறத்தால் வாசலை அடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா கொசுத்தேனீ என்றார். ஆனால் கொசுத்தேனீ மெழுகும் பிசினும் சேர்த்துக் கூடு கட்டுவது. இது மரம் குடையும் கருவண்டுக்கு உறவு.

செராட்டினா, அதாவது இதேபோல் குச்சி குடையும் இன்னொரு சிறு தேனீப் பேரினம், என்று அவசரப்பட்டு நோட்டில் எழுதிவிட்டேன். படியில் செத்துக் கிடந்த ஒன்றை லென்சில் பார்த்தபோதுதான் தப்பு தெரிந்தது. முன்சிறகின் முன் ஓரத்தில் நரம்புகள் சூழ்ந்த விளிம்பறைக்குக் கீழே வரிசையாக இருக்கும் கட்டங்கள் செராட்டினாவுக்கு மூன்று. இதற்கு இரண்டே. மூன்று முறை எண்ணினேன். ஆக, இது அல்லோடாபினி பிரிவு, பிரவுன்சாபிஸ் பேரினம். 1969இல் தேனீ ஆய்வாளர் மிச்சினர் வைத்த பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை வழியாக ஆஸ்திரேலியா வரை இந்தப் பேரினம் உண்டு. அமெரிக்கக் கண்டங்களில் இந்தப் பிரிவே கிடையாது. தெற்காசிய இனம் ஒன்று பிஜித் தீவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. குச்சிதான் வீடு என்றால் கப்பலேறுவது கஷ்டமா என்ன!

உறுதி செய்துகொள்ள, விடியுமுன் ஒரு குச்சியைப் பிளேடால் நெடுகப் பிளந்தேன். செராட்டினா என்றால் நெட்டித் தூளால் தடுப்பு வைத்து, அறைக்கொரு பூந்தூள் உருண்டை, ஒரு முட்டை என்று இருக்கும். இங்கே தடுப்பே இல்லை. அடியில் முட்டைகள், மேலே சிறிதும் பெரிதுமாக ஐந்து புழுக்கள், ஒரே கூடத்தில். தாய் அவ்வப்போது உணவு கொண்டுவந்து ஊட்டி வளர்க்கிறது.

எந்த இனம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இரு பாதிகளையும் சேர்த்து நூல் சுற்றிப் பழைய இடத்திலேயே கட்டினேன். மறுநாள் காலை துடைப்பக் குச்சியை நீட்டினேன். வாசலில் அதே பின்புறம்.