வன்னிப் பிள்ளைகளின் பரீட்சைச் செயலிக்குக் கட்டணத் திரை அமைத்தல்

தரம் 5 புலமைப்பரிசிலுக்கோ சாதாரண தரத்துக்கோ ஒரு பயிற்சிச் செயலியைக் கிளிநொச்சியில் இருந்தபடியே செய்து வெளியிடலாம். கூகிள் பிளேயில் கணக்குத் திறக்க ஒருமுறை 25 டொலர், அப்பிளில் ஆண்டுக்கு 99 டொலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கூகிள் கணக்கென்றால், பொதுவில் விடுமுன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். ஒரு ரியூசன் வகுப்பில் கேட்டால் அந்த 12 பேரும் கிடைப்பார்கள். நாள் இழுபடுவது காசு கேட்கும் திரையில்தான்.

அந்தத் திரையைப் பார்ப்பது பிள்ளை, காசு கட்டுவது தாய் தகப்பன். இதை மறந்து செய்த பேவோல் (காசு கேட்கும் திரை) எவ்வளவு வடிவாக இருந்தாலும் விற்காது. திரையில் உள்ளதைப் பிள்ளை வாசித்துக் காட்ட, எவ்வளவு, எப்போது கழியும், எப்படி நிறுத்துவது என்ற மூன்றும் தகப்பனுக்கு உடனே விளங்க வேண்டும். அப்பிளும் கூகிளும் விதியாகக் கேட்பதும் இதே மூன்றைத்தான். ஆகவே விதிக்கு ஒரு திரை, விற்பனைக்கு ஒரு திரை என்று யோசிக்கத் தேவையில்லை.

முதலில் வரும் யோசனை வங்கிச் சிலிப். ரியூசன் காசை வங்கியில் வைப்பிலிட்டு, சிலிப்பைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவது இங்கே எல்லோருக்கும் பழகிய வழி. செயலிக்குள் அதை வைக்கக் கூடாது. செயலிக்குள் திறக்கும் டிஜிட்டல் பாடங்களுக்கு அப்பிளின் செயலிப் பரிசீலனை விதிகளில் 3.1.1உம் கூகிளின் கொடுப்பனவுக் கொள்கையும் தத்தம் கட்டண முறையையே கேட்கின்றன. கணக்கு இலக்கத்தை ஒரு மூலையில் போட்டாலும், “வட்ஸ்அப்பில் கேட்டுத் திறந்துகொள்ளுங்கள்” என்று எழுதினாலும் செயலி பரிசீலனையில் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வரும். அமெரிக்க அப் ஸ்டோரில் 2025 ஏப்ரல் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் வெளி இணைப்புக்கு இடம் உண்டு. இலங்கையில் வாங்குபவருக்கு அது உதவாது.

ஆனால் எல்லாமே இந்த விதிக்குள் வராது. அச்சிட்ட மாதிரி வினாத்தாள் கட்டைத் தபாலில் அனுப்புவதானால் அது பொருள். காசை வெளியேதான் வாங்க வேண்டும். ஒரு ஆசிரியர் ஒரு பிள்ளைக்கு நேரலையில் படிப்பித்தால், அப்பிளின் 3.1.3(டி) விதிப்படி வேறு வழியில் காசு வாங்கலாம். அதே ஆசிரியர் முப்பது பிள்ளைகளுக்குச் சேர்த்துச் செயலிக்குள் வகுப்பு எடுத்தால் அது செயலிக் கொள்வனவாகவே, அதாவது அப்பிளின் கட்டண முறை வழியாகவே, போக வேண்டும்.

கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் மாமா, சித்திமார் பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்க விரும்புவார்கள். அவர்களுடைய ஸ்டோர் கணக்கில் சந்தா எடுத்தால் முல்லைத்தீவில் இருக்கும் போனில் தானாகத் திறக்காது. இதற்கு அப்பிளின் 3.1.3(பி) விதி வழிவிடுகிறது: இணையத்தளத்தில் வாங்கியதைச் செயலியில் உள்நுழைந்து பயன்படுத்தலாம், அதே பொருள் செயலிக்குள்ளும் விற்பனைக்கு இருக்க வேண்டும். ஆனால் தளத்துக்குப் போய் வாங்குங்கள் என்று செயலிக்குள் சொல்லக் கூடாது. அந்தச் செய்தியைத் தளத்திலும் முகநூலிலும் சொல்லுங்கள்.

அடுத்தது, எந்த வகைக் கட்டணம் என்பது. எல்லோரும் மாதச் சந்தாவுக்கே ஓடுகிறார்கள். வன்னிக்கு அது இரண்டாவது தெரிவாக இருக்கட்டும். நெல்லுக் காசு பெரும்போக அறுவடையோடுதான் கையில் புரளும். மாதாமாதம் தானாகக் கழியும் என்றாலே பல வீடுகளில் கை பின்வாங்கும். றீலோட் போடுவதுபோல் முன்கூட்டிக் கட்டி, காலம் முடிய நின்றுவிடும் முறை இங்கே இலகுவாக ஏற்கப்படும். கூகிளில் அதற்கு முற்கொடுப்பனவுத் திட்டம் என்று ஒரு வகை உண்டு. தானாகப் புதுப்பிக்காது, விரும்பினால் நீட்டிக்கொள்ளலாம். அப்பிளில் அதற்கு ஈடு, புதுப்பிக்காத சந்தா. அங்கே எத்தனை நாள் என்பதைக் கணக்கு வைப்பதும், வாங்கியவருடைய மற்றச் சாதனங்களில் திறந்துகொடுப்பதும் நம் பொறுப்பு. ஆகவே சேர்வர் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். தானாகப் புதுப்பிக்கும் சந்தாவானால் அப்பிளில் 7 நாளுக்குக் குறைந்த காலம் வைக்க முடியாது.

கூகிள், அப்பிள் இரு கடைகளிலும் ஆண்டு வருமானம் பத்து லட்சம் டொலருக்குள் இருக்கும் சிறு குழுவிடம் கடை எடுக்கும் பங்கு 15 வீதம். அப்பிளில் இதற்குச் சிறு வணிகத் திட்டத்தில் நாமே விண்ணப்பிக்க வேண்டும். 450 ரூபா விலையென்றால், வரி நீங்கலாக, 382 ரூபா 50 சதம் கைக்கு வரும்.

இனித் திரையில் எழுதும் சொல். 7 நாள் இலவசத்தோடு மாதச் சந்தா விற்கும் திரைக்கு இவ்வளவு போதும்:

“எல்லா வினாத்தாள்களும் விடை விளக்கங்களும் திறக்கும்.
மாதம் ரூ. 450.
முதல் 7 நாள் இலவசம். 8ஆம் நாளில் ரூ. 450 கழியும், பிறகு மாதந்தோறும் தானாகக் கழியும்.
பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியில் எந்நேரமும் நிறுத்தலாம்.”

உண்மையில் கழியும் தொகைதான் திரையில் ஆகப் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு ரூ. 3,600 வாங்கிக்கொண்டு “மாதம் ரூ. 300” என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டால் இரு கடைகளிலும் பிழை. மாதக் கணக்கைச் சொல்லலாம், கீழே சிறிதாக. “இலவசம்” என்ற சொல்லைப் பெரிதாக்கி விலையைச் சாம்பல் நிறத்தில் ஒளிப்பதும் அதே வகை. அப்பிளில் ஒருவர் ஒரு சந்தாக் குழுவில் (நாம் ஒன்றாகச் சேர்த்து வைத்த சந்தாக்களில்) ஒருமுறைதான் அறிமுகச் சலுகை பெறலாம். ஏற்கெனவே பெற்றவருக்கு “7 நாள் இலவசம்” என்று காட்டினால் அது பொய்யாகிவிடும். தகுதியைக் கடையிடம் கேட்டறிந்த பிறகே அந்த வரியைக் காட்டுங்கள்.

அதன் கீழே தொடங்கும் பொத்தான், பளிச்சென்று தெரியும் “இப்போது வேண்டாம்”, பிறகு “முன்பு வாங்கியதை மீட்க”, பயன்பாட்டு விதிகள், தனியுரிமைக் கொள்கை. மீட்கும் பொத்தான் இல்லாத செயலி அப்பிளில் தடுக்கப்படும். கூகிளுக்கு, செயலிக்குள் இருந்தே சந்தாவை நிறுத்தப் போகும் வழி வேண்டும். அமைப்புகள் பக்கத்தில் பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதிக்கு ஓர் இணைப்புப் போதும். சிறுவர் பிரிவில் அப்பிளுக்குக் கொடுத்தால் கொள்வனவுக்கு முன் பெற்றோர் தடுப்பு (பெரியவர் மட்டுமே தாண்டக்கூடிய ஒரு தடை) ஒன்றும் வேண்டும்.

செயலி தமிழென்றால் விலையும் நிபந்தனையும் முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும். பாதி ஆங்கிலத்தில் விட்ட நிபந்தனையைக் கூகிள் தன் கொள்கையிலேயே மீறலாகக் காட்டுகிறது. தமிழ் வரி ஆங்கிலத்தைவிட நீளும். மலிவான போனில் எழுத்தளவைக் கூட்டி வைத்துப் பாருங்கள்: பொத்தானின் சொல் இரண்டாக உடையும், மூடும் குறி திரைக்கு வெளியே போகும், விதிகளின் இணைப்பு கீழே புதைந்துவிடும். பொத்தானை அழுத்தியதும் கடை காட்டும் கட்டணப் படிவம் போனின் மொழியில் வரும். இங்கே பல போன்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. “அடுத்த திரை ஆங்கிலத்தில் வரலாம், அங்கும் இதே தொகைதான் இருக்கும்” என்று ஒரு வரி முன்கூட்டிச் சொன்னால் பயந்து பின்வாங்குவது குறையும்.

மேலே காட்டிய 450 மாதிரிக்குத்தான். செயலிக்குள் விலையை ஒருபோதும் நாமே எழுதி வைக்கக் கூடாது. கூகிள் பிளே இலங்கையில் ரூபாவில் காட்டும், அப்பிளின் இலங்கைக் கடை டொலரில் காட்டும். கடை அனுப்பும் விலையை அப்படியே எடுத்துப் போடுங்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் உட்கிராமங்களில் சிக்னல் விழுந்தால் விலை வராது. அப்போது வெற்றுத் திரை காட்டாமல் “விலை வரவில்லை, மீண்டும் முயல்க” என்று காட்டி, மூடும் வழியையும் திறந்து வைக்க வேண்டும்.

சிக்னல் விழுவதால் இதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. கூகிளில் கொள்வனவு முடிந்து 3 நாளுக்குள் செயலியோ சேர்வரோ அதை ஏற்று உறுதிசெய்யாவிட்டால் காசு தானாகத் திரும்பிவிடும், உரிமையும் பறிபோகும். காசு கட்டிய கணத்தில் டேட்டா அறுந்தால் நடப்பது இதுதான். செயலி திறக்கும் ஒவ்வொரு தடவையும் கொள்வனவுப் பட்டியலைக் கேட்டு, உறுதிசெய்யாததை உறுதிசெய்யுங்கள். காசு இன்னும் வந்து சேராமல் நிலுவையில் உள்ள கொள்வனவுக்குப் பாடத்தைத் திறக்க வேண்டாம். சோதனைக் கணக்கில் இந்த 3 நாள் சில நிமிடங்களாகச் சுருங்கும், மாதச் சந்தா 5 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும். ஆகவே ஒரு பின்னேரத்துக்குள் எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்துவிடலாம்.

பேவோலை வைக்கும் இடம் பற்றி எங்கள் கருத்து உறுதியானது: செயலியைத் திறந்தவுடன் வைக்காதீர்கள். ஒரு முழு வினாத்தாளை இலவசமாகச் செய்யவிட்டு, புள்ளியைக் காட்டி, பிழைத்த கேள்விகளுக்கு விளக்கம் கேட்கும் இடத்தில் வையுங்கள். எதற்குக் காசு என்பது அந்த இடத்தில் பிள்ளைக்கே தெரியும்.

எண்களில் மூன்றைப் பாருங்கள்: திரையைக் கண்டவர், பொத்தானை அழுத்தியவர், கட்டி முடித்தவர். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு விழுந்தால் சொல்லில் குறை. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு விழுந்தால் பெரும்பாலும் கட்டும் வழி இல்லை: அட்டை இல்லை, அல்லது டெபிட் அட்டையில் இணையக் கொடுப்பனவை வங்கியிடம் கேட்டுத் திறக்கவில்லை. அதற்குத் திரையின் நிறத்தை மாற்றிப் பயனில்லை. உதவிப் பக்கத்தில் அதை விளக்குங்கள். நூறு பேர் கண்டதில் ஒரு வடிவத்துக்கு மூன்று பேரும் மற்றதுக்கு ஐந்து பேரும் வாங்கினால் அது வித்தியாசமே இல்லை. சிறு குழு அந்தப் பரிசோதனையில் காலம் கழிக்க வேண்டாம்.

அப்பிளுக்கு அனுப்பும்போது, கட்டணச் செயலி ஒப்பந்தமும் வங்கி, வரி விவரமும் நிறைவாக இல்லாவிட்டால் செயலிக்கு வரும் கட்டணப் பொருள்களின் பட்டியல் வெறுமையாகவே இருக்கும். பரிசீலிப்பவர் விலையில்லாத திரையைக் கண்டு திருப்பிவிடுவார். முதல் கட்டணப் பொருளைச் செயலியின் பதிப்போடு சேர்த்தே பரிசீலனைக்கு இணைக்க வேண்டும். பரிசீலிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பேவோலின் ஒவ்வொரு வரிக்கும் ஆங்கில விளக்கம், அங்கே போகும் வழி, சோதனைக் கணக்கு மூன்றையும் குறிப்பில் எழுதுங்கள். பயன்பாட்டு விதிகளின் இணைப்பு செயலிக்குள் இருந்தால் மட்டும் போதாது, கடைப் பக்க விவரத்திலும் இருக்க வேண்டும், இது இல்லாவிட்டால் அப்பிளின் சந்தா விதியான 3.1.2இல் செயலி திரும்பும். அது ஒன்றே குறையென்றால் புதிதாகச் செயலியைக் கட்டி ஏற்ற வேண்டியதில்லை. விவரத்தில் இணைப்பைச் சேர்த்து, மீண்டும் பரிசீலனைக்கு அனுப்பினால் போதும்.