66 அடி றோட்டும் அதுக்குக் கீழ கிடந்த மரக்குத்தியளும்

கனடாவில, ஒன்ராறியோவின்ர ஹலிபேர்ட்டன் பக்கம் காணி வாங்கினது எப்பிடி, றோட்டு எப்பிடிப் போட்டனீங்கள் எண்டு கனபேர் கேட்டிட்டினம், ஒவ்வொருத்தருக்கும் போனில சொல்லிக் களைச்சுப் போனன், ஒருக்கா எழுதிவிடுறன்.

நாங்கள் காணி பாக்கப் போனது பெப்ரவரியில. ஸ்காபரோவில இருந்து ரெண்டரை மணித்தியால ஓட்டம். காணி வரைக்கும் வெள்ளை வெளேரெண்டு சமதரையா ஒரு பாதை, ஸ்னோமொபைல் ஓடின தடம், அதில நடந்து போய்ப் பாத்திட்டு வந்தனாங்கள். உறுதியும் சுத்தம், விலையும் மலிவு. பிறகு லோயர்தான் எடுத்து "அண்ணை, அந்த றோட்டு மேப்பில இருக்கு, நிலத்தில இருக்கோ?" எண்டு கேட்டார். நான் சிரிச்சுப்போட்டு நடந்து போன ஆளிட்டயே கேக்கிறீரோ எண்டன். மே மாசம் திருப்பிப் போகேக்கதான் விளங்கிச்சு, நாங்கள் நடந்தது றோட்டில இல்லை, உறைஞ்சு கிடந்த சேத்து நிலத்துக்கு மேல. முழங்கால் வரைக்கும் புதையுது, மற்றது நுளம்பு, அதை இங்க எழுத ஏலாது.

டவுன்ஷிப் (ஊர்ச்சபை) ஒபிஸில இருந்த அம்மா, நல்ல மனுசி, விளங்கப்படுத்தினா. இது திறக்கப்படாத றோட்டாம். அந்தக் காலத்தில அளந்து கோடு கீறி றோட்டுக்கு எண்டு விட்ட நிலம், ஆனா ஒருத்தரும் வெட்டேல்லை. நிலம் டவுன்ஷிப்புக்குச் சொந்தம், ஆரும் நடக்கலாம், ஆனா அவை கிரவலும் போடமாட்டினம், ஸ்னோவும் தள்ளமாட்டினம். உனக்கு வேணுமெண்டா அவையோட எழுத்தில உடன்படிக்கை செய்து, சேர்வேயரை வைச்சு எல்லை அடிச்சு, இன்சூரன்ஸ் எடுத்து, அவை சொல்லுற அகலத்துக்கு உன்ர காசில போடு. போட்டு முடிச்சாலும் அது உன்ர றோட்டு இல்லை, கேற் போட்டு மறிக்க ஏலாது.

சேர்வேயர் பழைய பிளானின்ர கொப்பி ஒண்டைக் கொண்டுவந்து விரிச்சார். றோட்டின்ர அகலம் 66 அடி. ஏன் 66 எண்டு கேட்டன், ஒரு செயின் எண்டார். செயின் எண்டா அந்தக் காலத்து நில அளவைச் சங்கிலி, 22 யார். 22 யாரைக் கேட்டவுடன எனக்கு கிரிக்கெட் பிச்தான் ஞாபகம் வந்தது, அதுவும் அதே சங்கிலியில பிறந்த அளவுதான். ஸ்காபரோவில லோரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பேர்ட், ஃபின்ச் எல்லாம் ஏறத்தாழ 2 கிலோமீற்றருக்கு ஒண்டா நேரா ஓடுறதும் அந்தச் சங்கிலிக் கணக்காலதான், 100 செயினுக்கு ஒரு றோட்டு. அங்க நிலம் சமதரை, கோடு கீறினா றோட்டு வரும். இங்க கருங்கல்லும் சேறும் குளமும், அதுக்கு மேலயும் அதே அடிமட்டத்தை வைச்சுக் கீறியிருக்கினம். எங்கட கோடு ஒரு இடத்தில நேரா ஒரு பாறைக்குள்ள போய் முட்டுது!

கோடு கீறினது அரசாங்கம், றோட்டை வெட்டினது ஆர்? அதைக் கொஞ்சம் கிண்டிப் பாத்தன். 1793-ல மேல் கனடாவில (இப்பத்தை ஒன்ராறியோ) ஒரு சட்டம், வருசத்துக்கு 12 நாள் வரைக்கும் சனம் தங்கட மண்வெட்டி கோடாலியோட வந்து கூலியில்லாமல் றோட்டு வேலை செய்யவேணும். மேற்பாக்கிறது ஊர்க்கூட்டத்தில தெரிஞ்செடுத்த பக்கத்து வீட்டுக்காரன், அவன் ஆரை வெருட்டுவான்? பாதி நாள் பகிடியிலயும் புகையிலையிலயும் போயிருக்கும். அதோட ஏழில ஒரு பங்கு நிலம் அரசுக்கு, இன்னொரு ஏழில ஒரு பங்கு திருச்சபைக்கு எண்டு ஒதுக்கி வைச்சது, அதில ஆளே இல்லை, அப்ப அந்தத் துண்டுகளுக்கு முன்னால ஆர் வெட்டுறது? ரொறன்ரோவில இருந்து கிழக்க போன டான்ஃபோர்த் றோட்டுக்கு மட்டும் 1799-ல ஏசா டான்ஃபோர்த் எண்ட அமெரிக்கனுக்கு மைலுக்கு 90 டொலர் எண்டு கொந்திறாத்து குடுத்தவை. வெட்டிப்போட்டுப் போனபிறகு பராமரிக்க ஆள் இல்லாமல் அதில கன இடம் திருப்பிக் காடாகிப்போச்சு.

எங்கட பக்கம் 1850களில வெட்டின பொப்கேஜன் றோட்டு மாதிரியான குடியேற்ற றோட்டுகள்தான். றோட்டுக்கரையில 100 ஏக்கர் சும்மா தாறம், 4 வருசத்தில 12 ஏக்கர் வெட்டி விதை, 20க்கு 18 அடியில வீடு கட்டி இரு எண்டு சனத்தைக் கூப்பிட்டவை. வந்து பாத்தா மண் ஒரு சாண், கீழ கல்லு. கனபேர் விட்டிட்டு மனிடோபா பக்கம் போட்டினம், றோட்டும் பத்தைக்குள்ள போட்டுது. இதில பெரிய பகிடி, இந்தப் பக்கத்து வேட்டை நிலங்களுக்கு இந்த மண்ணின்ர பூர்வீகக் குடியான அனிஷினாபே சனத்தோட வில்லியம்ஸ் ஒப்பந்தம் எழுதினது 1923-ல. றோட்டு முதல், ஒப்பந்தம் பேந்து.

வெள்ளைக்காரன் இதே வித்தையை எங்கட ஊரிலயும் காட்டினவன். 1848-ல இலங்கையில றோட்டுச் சட்டம், 18 வயசில இருந்து 55 வரைக்கும் ஆம்பிளையள் வருசத்தில 6 நாள் வேலை, இல்லாட்டிக் காசு. அந்த வருசம் மாத்தளையில கலகம் வெடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி எங்கட வேலைக்கு வாறன். அனுமதி கையில வர 7 மாசம். ஏப்ரலில தொடங்குவம் எண்டா கிரவல் லொறிக்காரர் வரமாட்டாராம், பனி இளகிற காலத்தில றோட்டுகளில பாரக் கட்டுப்பாடு, பாதிப் பாரத்தோட ஓடினா ரெண்டு மடங்கு காசு. ஆகஸ்ட் வரைக்கும் பொறுத்தம், அது நல்லதாப் போச்சு, சேறு கொஞ்சம் காஞ்சிருந்தது. ரெண்டாம் நாள் எக்ஸ்கவேட்டர்காரர் நிப்பாட்டிப்போட்டு என்னைக் கூப்பிட்டார். தோண்டின கிடங்குக்குள்ள வரிசையா மரக்குத்தியள், றோட்டுக்குக் குறுக்கால பாய் பின்னின மாதிரி. ஒருத்தரும் வெட்டேல்லை எண்டு ஒபிஸில சொன்ன இடத்தில! ஆரோ குடியேறின ஒருத்தன் வெட்டிப் பரப்பியிருக்கிறான், அவன்ர பேர் ஒரு கடுதாசியிலயும் இல்லை. தண்ணிக்குள்ள காத்துப்படாமல் கிடந்தபடியால உக்கேல்லை, கோடாலி வெட்டின அடையாளம் கூடத் தெரிஞ்சது. 2016-ல வாட்டர்லூவில ரயில் பாதைக்குத் தோண்டேக்க கிங் வீதிக்குக் கீழயும் இப்பிடித்தான் ஒரு குத்தி றோட்டு வந்தது.

நான் எல்லாத்தையும் இழுத்து எறிவம் எண்டன். பக்கத்துக் காணிக் கிழவர் விடேல்லை, இழுத்தா உன்ர கிரவல் முழுக்க அதுக்குள்ள போயிடும், குத்தியளை அப்பிடியே விட்டு மேல துணி விரிச்சுக் கல்லுப் போடு எண்டார். சேத்துக்கு மேல விரிக்கிற தடிச்ச செயற்கைத் துணி. விரிச்சு, முதல் பெரிய கல்லு, பிறகு சின்னக் கிரவல், நடு உசத்தி ரெண்டு பக்கமும் சரிவு, கரையில வாய்க்கால், பள்ளத்தில ஒரு மதகுக் குழாய். பாறை வந்த இடத்தில மட்டும் கோட்டை விட்டு வளைஞ்சம், அந்த வளைவுக்கு வேற கடுதாசி வேற காசு.

செய்யப்போறவைக்கு ஒண்டு சொல்லுறன், கிரவலில மிச்சம் பிடிச்சாலும் தண்ணி ஓடுறதில மிச்சம் பிடிக்காதேங்கோ. நாங்கள் முதல் போட்டது சின்னக் குழாய், அடுத்த ஏப்ரலில 10 மீற்றர் றோட்டு அப்பிடியே அள்ளிக்கொண்டு போட்டுது.

இப்ப அந்த றோட்டை மூண்டு வீட்டுக்காரர் பாவிக்கிறம். மே மாசம் ஒரு சனி, ஒக்டோபரில ஒரு சனி, மண்வெட்டியும் கையுமா எல்லாரும் வரவேணும் எண்டு எழுதாத ஒழுங்கு. கிழவர்தான் மேற்பார்வை, கதிரையில இருந்து கத்துவார். மூண்டாவது வீட்டுக்காரர் ரொறன்ரோவில டொக்டர், அவருக்கு நேரமில்லை, வரமாட்டார், காசு அனுப்பிவிடுவார். நான் 1793 கதையைச் சொல்ல, "டொக்டர் மாதிரி ஒருத்தன் அப்பவும் இருந்திருப்பான்" எண்டு கிழவர் சிரிச்சார்.

நேற்று அவர்தான் போன் எடுத்தவர், பீவர் திருப்பியும் மதகுக்குள்ள தடியும் சேறும் அடைஞ்சு வைச்சிருக்காம், தண்ணி றோட்டைத் தொடுதாம். சனிக்கிழமை போறன்.