மனைக்கு மண் அடிக்கிறீர்களா? லோடு கணக்கில் பேசாதீர்கள்

மன்னார்குடி பக்கம் நஞ்சையாக இருந்து மனையான இடம் எங்களுடையது, 40க்கு 60. மண் அடித்து முடித்தாயிற்று. ஆனால் மண்காரரோடு பட்ட பாடு இன்னும் ஆறவில்லை.

வந்தார், வரப்பில் நின்றபடியே "முப்பது லோடு சார், முடிச்சிடலாம்" என்றார். எப்படி முப்பது என்றால் "அனுபவம்தான்" என்றார். முப்பதில் ஆரம்பித்து, பாதியில் "இன்னும் பத்து வேணும்" என்பது இங்கே வழக்கம். அதனால் மேஸ்திரியை ட்யூப் லெவல் (தண்ணீர்க் குழாய் வைத்து மட்டம் பார்ப்பது) பிடிக்கச் சொன்னேன். ரோட்டோரம் இரண்டரை அடி பள்ளம், பின்னால் வாய்க்கால் ஓரம் மூன்றரை. சராசரி 3 அடி. 2400 சதுர அடிக்கு 7200 கன அடி, அதாவது 72 யூனிட் (நூறு கன அடி ஒரு யூனிட்). வயலின் மேல்மண்ணை வேரோடு அரை அடி வழிக்க வேண்டுமே, அதற்கு 12. மொத்தம் 84.

இது இறுகிய மண்ணின் அளவு. லாரியில் வருவது உதிரி மண், தண்ணீர் விட்டு இடித்தால் இறங்கிவிடும். கால் பங்கு கூட்டச் சொன்னார் மேஸ்திரி. 105 யூனிட் ஆனது.

அடுத்தது லாரி. "மூணு யூனிட் வண்டி" என்றார்கள். டேப் வைத்துப் பார்த்தால் உள்ளளவு 10 அடி நீளம், 7 அகலம், மூன்றரை உயரம். 245 கன அடிதான்! லோடுக்கு 55 கன அடி நம் காசு. அளந்த யூனிட்டுக்குத்தான் பணம் என்றதும் மறுநாள் வண்டியே வரவில்லை. வேறு ஆளிடம் விலை கேட்கிறேன் என்று தெரிந்த பிறகுதான் இறங்கி வந்தார்.

பேசியது வல்லம் பக்கத்துச் செம்மண் கிராவல். இருட்டிய பிறகு வந்த வண்டியில் மேலே மட்டும் சிவப்பு, அடியில் முழுக்கக் களி. திருப்பி அனுப்பிவிட்டோம். களி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். கடைக்காலுக்கு அடியில் அது வேண்டவே வேண்டாம். பொழுது சாய்ந்து வரும் லோடை இறக்க விடாதீர்கள். மண் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டான நடைச்சீட்டையும் வண்டிக்கு வண்டி கேட்டு வாங்குங்கள்.

ஜேசிபி வாடகை, ஆபரேட்டர் பேட்டா எதுவும் அவர் சொன்ன தொகையில் இல்லை. மணிக்கணக்கு ஷெட்டிலிருந்தா, மனையில் இறங்கியதிலிருந்தா என்று முன்பே கேளுங்கள்.

முக்கால் அடிக்கு ஒரு படையாகக் கொட்டி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினோம். அதில் சிக்கல் இல்லை. வேலையை மே மாதத்துக்குள் முடிப்பது நல்லது. வழக்கம்போல் ஜூன் 12ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், ஊறிய வயலில் டிப்பர் புதையும்.

அப்புறம், கொஞ்சம் பாக்கியை ஒரு மழை பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே பேசிவையுங்கள். எங்களுக்கு வாய்க்கால் பக்கம் உள்வாங்கியது. பாக்கி எங்கள் கையில் இருந்ததால், கூடுதல் பணம் கேட்காமல் மண் வந்து இறங்கியது.