63-ஐ வெட்டினால் 80: மீடியம் ஃபார்மட்டும் ஃபுல் ஃப்ரேமும் ஒரே ட்ரைபாடில்

ஃபுல் ஃப்ரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) கேமராவையும் அதைவிடப் பெரிய சென்சார் உள்ள மீடியம் ஃபார்மட் கேமராவையும் அருகருகே வைத்து எடுத்த ஒப்பீட்டுப் படங்களில் பாதியை நம்ப முடிவதில்லை. லென்ஸ் வேறு, நிறம் வேறு, வெளிச்ச உணர்திறனுக்கு ஐஎஸ்ஓ 100 என்று ஒவ்வொரு கம்பெனியும் சொல்வதே வேறு. எது சென்சார் அளவால் வந்தது, எது மற்றவற்றால் வந்தது என்று பிரிக்க வழியில்லை. அதனால் இந்தச் சோதனை முழுவதும் ஒரே கேமரா பாடியில் செய்தது.

அதற்கு இடம் கொடுப்பது பிக்சல் அளவு. ஃபூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் சென்சார் 43.8 × 32.9 மி.மீ., 11648 × 8736 பிக்சல். சோனி ஏ7ஆர் வரிசையின் நான்காவது, ஐந்தாவது மாடல்கள் 9504 × 6336 பிக்சல், அகலம் 36 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அகலத்தைப் பிக்சல் எண்ணிக்கையால் வகுத்தால் இரண்டிலும் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான். ஒரே தறியில் நெய்த துணி. ஒன்றைக் கொஞ்சம் பெரிதாக வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆக, 100எஸ் படத்தின் நடுவிலிருந்து 9504 × 6336 வெட்டியெடுத்தால் நடைமுறையில் அது ஒரு 60 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் படம்.

லென்ஸ் விஷயத்திலும் ஒரு வசதி அமைந்தது. 44 × 33 சென்சாரின் மூலைவிட்டம் சுமார் 54.8 மி.மீ., ஃபுல் ஃப்ரேமுக்கு 43.3. விகிதம் 0.79. 80 மி.மீ. லென்ஸை 0.79-ஆல் பெருக்கினால் 63. இந்தக் கேமராவின் ஜிஎஃப் லென்ஸ் வரிசையில் 80 எஃப்/1.7, 63 எஃப்/2.8 இரண்டுமே உண்டு (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துவாரம் பெரிது). முழுச் சென்சாரில் 80, வெட்டிய படத்தில் 63. கேமராவை நகர்த்தவே வேண்டாம், கோணம் ஏறக்குறைய ஒன்றேதான். விகிதம் 4:3, 3:2 என்று மாறுவதால் மேலும் கீழும் கொஞ்சம் கூடக்குறைய வரும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அடுக்கியது இப்படி: சொரசொரப்பான துணி ஒன்று, சிறிய அச்செழுத்து உள்ள அட்டை, அதன் பின்னால் கறுப்புத் துணியின் மடிப்பில் ஆழமான நிழல், கடைசியில் தூரத்தில் இரண்டு சிறு விளக்குகள். ஜன்னலை மூடிவிட்டு எல்இடி வெளிச்சம் மட்டும். வெயில் உள்ளே வந்தால் இரண்டு படத்துக்கு நடுவே அரை ஸ்டாப் போய்விடும் (வெளிச்சம் இரு மடங்காவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்). ட்ரைபாட், 2 நொடி டைமர், அதிர்வு வராமலிருக்க எலக்ட்ரானிக் ஃப்ரன்ட் கர்ட்டன் ஷட்டர். ஃபோகஸ் கையால், திரையில் பெரிதாக்கி. கேமராவின் பதப்படுத்தாத ரா கோப்பைத் திறக்கும் மென்பொருளில் நாய்ஸ் (புள்ளிச் சிதறல்) ரிடக்‌ஷன், ஷார்ப்னிங் இரண்டும் பூஜ்யம். இந்தக் கடைசிப் படியை விட்டால் மென்பொருள் எழுதியவரின் ரசனையைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

முதல் சுற்றில் தவறு நடந்தது, கேமராவில் அல்ல, பார்த்த விதத்தில். இரண்டு படத்தையும் 100 சதவீதத்தில் திறந்து பார்த்தால் நாய்ஸ் அச்சு அசலாக ஒன்று. பிக்சல் ஒன்றேதான் எனும்போது வேறு எப்படி இருக்கும்? சரியான முறை, அச்சட்டையின் எழுத்து இரண்டு படத்திலும் ஒரே அளவுக்கு வரும்படி செய்வது. 80-இல் எடுத்ததை 1.27 மடங்கு சுருக்கினால் 63-இன் படத்தோடு பொருந்திவிடும். பார்க்கும் அளவு ஒன்றான பிறகே பேச்சு.

அப்படிப் பார்த்ததில், இரண்டும் எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ஒரே ஷட்டர் என்றால் பெரிய சென்சாரின் நிழல் மடிப்பு சுத்தமாக இருக்கிறது. பரப்பு 1441 சதுர மி.மீ.க்கு 864, அதாவது 1.67 மடங்கு, ஸ்டாப் கணக்கில் 0.74. ஆனால் அதே படத்தில் அட்டைக்குப் பின்னால் துணியின் நெசவு கொஞ்சம் கலங்கித் தெரிகிறது. டெப்த் ஆஃப் ஃபீல்டு, அதாவது முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் ஆழம், குறைந்துவிட்டது. அப்படியானால் இது சமமான ஒப்பீடு இல்லை.

இரண்டாம் சுற்றில் டெப்த்தைச் சமமாக்கினோம். 80-க்கு எஃப்/8, 63-க்கு எஃப்/6.3. ஷட்டர் வேகத்தை மாற்றாமல் வைக்க 80-க்கு ஐஎஸ்ஓ 160, 63-க்கு 100. இப்போது நெசவின் கூர்மை, நிழலின் நாய்ஸ் இரண்டிலும் எது எது என்று பெயரை மறைத்துவிட்டால் சொல்வது கடினம். டிஃப்ராக்‌ஷனும் அப்படியே: லென்ஸின் துவாரத்தில் ஒளி சிதறி உண்டாகும் புள்ளியின் விட்டம் எஃப் எண்ணோடு சேர்ந்து வளரும், எஃப்/8-க்கு ஏறக்குறைய 10.7 மைக்ரான், எஃப்/6.3-க்கு 8.5, பெரிய படத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். பெரிய சென்சாரில் எஃப்/16 வரை தாராளமாக மூடலாம் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. மூடலாம், மூடித்தான் ஆகவேண்டும், அதே டெப்த் வேண்டுமென்றால்.

மூன்றாம் சுற்று: 80 எஃப்/8-ஐ ஐஎஸ்ஓ 100-க்கே இறக்கி, 1/10 நொடியை 1/6 ஆக்கியது. இங்கேதான் வித்தியாசம் வெளியே வந்தது. டெப்த் சமம், நிழல் சுத்தம். பெரிய சென்சாரின் லாபம் முழுக்க இந்த ஒரு சுற்றில் இருக்கிறது. பேஸ் ஐஎஸ்ஓவில் (கேமராவின் மிகக் குறைந்த இயல்பான ஐஎஸ்ஓ) நின்று, மீதி வெளிச்சத்தை ஷட்டராலோ ஃப்ளாஷாலோ கொடுக்க முடிகிறவருக்கு அது கிடைக்கும். கையில் பிடித்து, ஓடும் குழந்தையை மாலை வெளிச்சத்தில் எஃப்/5.6-இல் எடுப்பவருக்குக் கிடைக்காது. அவர் ஐஎஸ்ஓவை ஏற்றித்தான் தீரவேண்டும். ஏற்றியதும் இரண்டாம் சுற்றுக்கே திரும்பிவிடுவார்.

இன்னொரு குறுக்குக் கணக்கும் உண்டு. நிக்கான் இசட் 8 எனும் ஃபுல் ஃப்ரேம் கேமராவின் பேஸ் ஐஎஸ்ஓ 64. 64-க்கும் 100-க்கும் இடைவெளி 0.64 ஸ்டாப். ஐஎஸ்ஓ 64-இல் நிரம்பும் ஃபுல் ஃப்ரேம் சென்சார், ஐஎஸ்ஓ 100-இல் நிரம்பும் 44 × 33 சென்சார் வாங்குகிற மொத்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மீடியம் ஃபார்மட் கேமராவான ஹாசல்பிளாட் எக்ஸ்2டி-யும் 64-இல் தொடங்குவதால் அங்கே இடைவெளி மறுபடி முழுசாக நிற்கும். வாங்கும் முன் பேஸ் ஐஎஸ்ஓவைப் பார்க்காமல் சென்சார் அளவை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு.

பின்புல மங்கல் பற்றி நிறையப் பேசுகிறார்கள். சுருக்கமான சோதனை ஒன்று போதும்: ஃபோகல் நீளத்தை எஃப் எண்ணால் வகுங்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் எடுத்தால் தூரத்து விளக்கின் வட்டம் எவ்வளவு பெரிதாகும் என்பது அந்த விடையைப் பொறுத்தது. ஜிஎஃப் 110 எஃப்/2-க்கு 55 மி.மீ. அதே கோணத்தை ஒட்டி வரும் ஃபுல் ஃப்ரேம் 85 எஃப்/1.4-க்கு 60.7. 85 எஃப்/1.2-க்கு 70.8. மங்கலுக்காக மட்டும் மீடியம் ஃபார்மட் போகிறவர் திரும்பி வருவார். ‘மீடியம் ஃபார்மட் லுக்’ என்ற பேச்சு 6 × 7 செ.மீ. ஃபிலிம் காலத்தது. அந்த ஃபிலிம் சட்டம் (ஃப்ரேம்) 56 × 70 மி.மீ. அளவு. இன்றைய 44 × 33 அதன் பாதிப் பரப்புகூட இல்லை, 120 எனும் ரோல் ஃபிலிமின் 6 × 4.5 சட்டத்தைவிடவும் சிறியது.

படத்தின் விகிதம் பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று. கடைசி அச்சு 4:5 என்றால் ஃபுல் ஃப்ரேமின் இரண்டு ஓரத்தையும் சீவ வேண்டும், மிஞ்சுவது 7920 × 6336, அதாவது 50 மெகாபிக்சல். 100எஸ்-இல் 10920 × 8736 மிஞ்சும், 95 மெகாபிக்சல். இங்கே வெளிச்ச லாபமும் 0.9 ஸ்டாப் ஆகிவிடும். மாறாக 3:2 அல்லது அகலமான நிலக்காட்சி என்றால் சீவப்படுவது பெரிய சென்சார், லாபம் 0.57 ஸ்டாப்புக்கு இறங்கும். நின்ற உருவமும் பொருட்படமும் எடுப்பவருக்கும் நிலக்காட்சி எடுப்பவருக்கும் ஒரே பதில் வராததற்கு இதுவே காரணம்.

அச்சு அளவையும் போட்டுப் பார்க்கவும். ஏ2 தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 7016 × 4961 பிக்சல் போதும். 45 மெகாபிக்சல் கேமராவே அதைத் தாண்டிவிடும். ஏ1-க்கு 9933 × 7016 வேண்டும். 60 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் குறுகிய பக்கத்தில் 271 புள்ளிக்கு இறங்கும். கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தால்தான் தெரியும் குறை அது. அதற்கு மேல் போகிறவருக்கு 100 மெகாபிக்சல் வேலை செய்யும்.

ஃப்ளாஷ் வைத்ததில் தடுக்கியது. 100எஸ்-இன் சிங்க் வேகம் (ஃப்ளாஷ் முழுப் படத்திலும் விழும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/125. அதைத் தாண்டினால் சட்டத்தின் ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது; பெரிய ஷட்டர் திரை கடந்து முடிக்க நேரம் எடுப்பதால் வருவது. பல ஃபுல் ஃப்ரேம் பாடிகளில் 1/200, 1/250 வரை போகலாம். வெயிலில் ஃப்ளாஷ் போட்டு முகம் எடுக்கிறவருக்கு அந்த ஒரு ஸ்டாப், சென்சார் கொடுத்த முக்கால் ஸ்டாப்பை விழுங்கிவிடும். ஹை ஸ்பீட் சிங்க் போட்டால் ஃப்ளாஷின் பலம் சரியும். இதற்காகவே மீடியம் ஃபார்மட் வேண்டுமென்றால் லென்ஸுக்குள்ளேயே திறந்து மூடும் லீஃப் ஷட்டர் உள்ள ஹாசல்பிளாட் எக்ஸ்சிடி லென்ஸ்களைப் பாருங்கள். 1/2000 வரை சிங்க் ஆகும் லென்ஸ்கள் அதில் உண்டு.

எலக்ட்ரானிக் ஷட்டரின் வேகத்தை வீட்டிலேயே அளக்கலாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் மலிவான எல்இடி பல்பு நொடிக்கு 100 முறை துடிக்கும். வெள்ளைச் சுவரை அந்த வெளிச்சத்தில், 1/1000-க்கு மேல், முழு எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுங்கள். குறுக்கே விழும் கறுப்புக் கோடுகளை எண்ணி 100-ஆல் வகுத்தால் சென்சார் மேலிருந்து கீழே படித்து முடிக்க எடுத்த நேரம் வரும். 16 கோடு என்றால் 0.16 நொடி. கோடே விழவில்லையா, அந்த பல்பு துடிக்காத ரகம், வேறொன்றை மாட்டுங்கள். 100 மெகாபிக்சல் சென்சாரை 16 பிட்டில் (பிக்சல் மதிப்பை இன்னும் நுணுக்கமாகப் பதியும் முறை) படிக்கச் சொன்னால் இன்னும் மெதுவாகும். நான்கு ஸ்டாப் நிழலைத் தூக்கியும் 14 பிட்டுக்கும் 16-க்கும் அச்சில் வேறுபாடு தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கடைசி இரண்டு பிட்டைப் பெரும்பாலும் சென்சாரைப் படிக்கும்போது வரும் ரீட் நாய்ஸே நிரப்பிவிடுகிறது. 14-இல் விட்டுவிடலாம்.

கோப்பு பாரம் சிரிக்கிற விஷயம் இல்லை. சுருக்காத 16 பிட் ரா ஒன்று 204 எம்பி. எடிட் செய்யும்போது மூன்று நிறத்துக்கும் சேர்த்து ஒரு லேயர் 612 எம்பி. ஐந்து லேயர் போட்டால் 3 ஜிபி தாண்டும். 16 ஜிபி ராம் உள்ள கணினி மூச்சு வாங்கும். எடையில் எதிர்பார்த்த இடைவெளி இல்லை: 100எஸ் சுமார் 900 கிராம், இசட் 8 910 கிராம், ஏ7ஆர் 5 723.

பழைய 50 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் பாடியைக் கைமாற்றாக வாங்க நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு. அதன் படம் 8256 × 6192. 4:5-க்கு வெட்டினால் 7740 × 6192, 48 மெகாபிக்சல். மேலே சொன்ன 60 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமின் 50-க்குக் கொஞ்சம் கீழே. விவரத்துக்காக வாங்கினால் ஏமாற்றம்தான். ஜிஎஃப்எக்ஸ் 50 வரிசை முன்னும் பின்னும் தேடிப் பிடிக்கும் கான்ட்ராஸ்ட் ஃபோகஸ் மட்டும் கொண்டது, அதனால் நகரும் பொருளில் தடுமாறும். நெருக்கமான நெசவுத் துணியில் மொய்ரே எனும் பொய்க் கோடுகளும் வரும். பேஸ் ஐஎஸ்ஓவில், ட்ரைபாடில், மெதுவாக வேலை செய்பவருக்கு மட்டும் சரி.

அடுத்த சுற்றுக்கு மிச்சம் இருப்பது பிக்சல் ஷிஃப்ட்: சென்சாரை நூலளவு நகர்த்தி எடுத்த பல படங்களை ஒன்றாக்கும் முறை. 16 படம் சேர்த்து 100எஸ் 400 மெகாபிக்சல் தரும், ஏ7ஆர் 5 240. மரத்தரையில் வைத்த ட்ரைபாட் பக்கத்தில் ஒருவர் நடந்தாலே படங்கள் பொருந்தாமல் ஓரங்களில் ஏணிப்படிபோல் கோடு விழும். சிமெண்ட் தரைக்கு மாற்றி, படங்களுக்கு நடுவே 2 நொடி இடைவெளி விட்டு, அதே அச்செழுத்து அட்டையை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.