கிளினிக்கல் சைக்கோலஜி வைவா (வாய்மொழிச் சோதனை), ரெண்டாம் தரம் பாஸ்: தலைக்காயக் கேஸ் வந்தா முதல்ல இதப் பாருங்கோ

ரிசல்ட் நேத்துப் பின்னேரம் வந்தது, பாஸ். அம்மா கோணேசருக்கு அர்ச்சனை செய்யப் போயிட்டா, நான் மறக்க முதல் எழுதிப் போடுவம் எண்டு இருந்திட்டன்.

போன தரம் விழுந்தது ஒரே கேள்வில. 50 வயசு மீன்பிடிக்கிறவர், மோட்டர்சைக்கிள் விபத்து, ஆறு மாசம். வட்டங்களைக் கோட்டால இணைக்கிற ட்ரெயில் மேக்கிங் டெஸ்ட்டில, இலக்கம் மட்டும் இருக்கிற ஏ பரவாயில்ல, இலக்கமும் இங்கிலீஷ் எழுத்தும் மாறி மாறி வாற பி-ல பாதில நிண்டிட்டார். நான் உடன ஃப்ரொண்டல் லோப் (மூளையின்ர முன்பக்கம்), எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் (திட்டம் போட்டுச் செய்யிற திறன்) எண்டு படிச்சதெல்லாத்தையும் கொட்டினன். எக்ஸாமினர் பொறுமையா கேட்டிட்டு, "இவர் எத்தினாம் ஆண்டு வரைக்கும் படிச்சவர்?" எண்டார். தாளில ரெண்டாவது வரிலயே 4ஆம் ஆண்டு எண்டு கிடக்கு, நான் பாக்கவே இல்ல. இரவு ட்ரெயின்ல திருமலைக்கு வந்து சேரும் வரைக்கும் நித்திரை இல்ல.

பிறகு கொப்பித்தாளில நானே வட்டம் கீறி, 1-ஏ-2-பி எண்டு மாறி மாறிப் போற மாதிரி, சித்தப்பாட்ட குடுத்தன். தலையில ஒரு அடியும் படாத மனுசன், ராவில நட்சத்திரம் பாத்து போட்டைக் கரைக்குக் கொண்டு வாறவர். 3, சி, 4 வரைக்கும் கோடு வந்தது, பிறகு பென்சில தூக்கிப் பிடிச்சுக்கொண்டு "சிக்குப் பிறகு என்ன மகள்?" எண்டு கேட்டார். ஏபிசிடி வரிசை தெரியாத ஆளுக்கு அந்த டெஸ்ட்ட வச்சு மூளையப் பற்றி நான் என்னத்தச் சொல்லுறது? எழுத்துக்குப் பதிலா நிறத்த வச்சுச் செய்யிற கலர் ட்ரெயில்ஸ் எண்டு ஒண்டு இருக்கெண்டதையே அதுக்குப் பிறகுதான் தேடிப் படிச்சன்.

அதால, ஸ்கோரப் பாக்க முதல் படிப்பு, வீட்டில பேசுற மொழி, செய்த தொழில், கண்ணாடி போடுறவரோ, எந்தக் கை. இத விட்டிட்டு வேற எத எவ்வளவு படிச்சாலும் பிரயோசனம் இல்ல.

மிச்சம் சுருக்கமா:
- ஜிசிஎஸ் (சுயநினைவு எவ்வளவு இருக்கெண்டு பாக்கிற ஸ்கோர்) எல்லாருக்கும் பாடம், அதோட நிக்காதேங்கோ. அடிபட்ட பிறகு எத்தின நாள் புது ஞாபகம் பதியேல்ல எண்டு பாருங்கோ. 24 மணித்தியாலத்துக்குள்ள எண்டா மைல்ட், 7 நாளுக்கு மேல எண்டா கடுமை. "எனக்கு ஞாபகம் இருக்கு" எண்டுவினம், கனபேருக்கு அது வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டது.
- சிடி ஸ்கேன் கிளீன் எண்டா மூளை கிளீன் எண்டு சொல்லாதேங்கோ, ஆக்ஸோன் (நரம்பு இழை) இழுபட்ட காயம் அதில தெரியாமப் போகலாம்.
- மனிசியத் தனியக் கூப்பிட்டுக் கதைக்கோணும். அவர் தனக்கு ஒண்டுமில்ல எண்டுவார், மனிசிதான் இப்ப பிள்ளையளுக்குக் கை நீட்டுறார் எண்டு சொல்லுவா.
- 1848ல தலையில இரும்புக்கம்பி பாஞ்ச கேஜ் எண்டவரின்ர கதைய நீட்டாதேங்கோ, நேரம் போகும்.

குரூப் ஸ்டடி எனக்குச் சரிவராது, விடிய டச்பே கடற்கரைல நடந்துகொண்டு சத்தமாச் சொல்லித்தான் பாடமாக்கினன்.

இந்தத் தரம் வேற கேஸ், கீழ விழுந்த ஒரு அம்மா. வாய் திறந்ததும் "இதில படிப்பு போடேல்ல, கேக்கலாமா சேர்?" எண்டன். அவர் பேனையக் கீழ வச்சிட்டு நிமிந்து பாத்தார்.

நோட்ஸ் வேணுமெண்டா உவர்மலைப் பக்கம் வாங்கோ, ஃபோட்டோக்கொப்பி அடிச்சிட்டுத் திருப்பித் தந்தாச் சரி.