பழைய வீடும் ஆர்க் ஃபால்ட் பிரேக்கரும்

அமெரிக்காவில் பழைய வீடு வாங்கி, ஓர் அறையில் கூடுதலாக இரண்டு பிளக் பாயிண்ட் வைக்க முனையும் நம்மவர்கள் பலருக்கு, எலக்ட்ரீஷியன் தரும் மதிப்பீட்டில் ‘ஏஎஃப்சிஐ’, அதாவது கம்பியில் பொறி தாவினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்க் ஃபால்ட் பிரேக்கர், என்ற வரி கண்ணை உறுத்துகிறது. சாதாரணப் பிரேக்கரைவிட அதன் விலை பல மடங்கு என்பது உண்மைதான். ஆனாலும் அதை வீண்செலவு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால்தான் சாதாரணப் பிரேக்கர் விழும். பிளக் பாயிண்டின் பின்புறம் திருகு தளர்ந்து, கம்பிக்கும் முனைக்கும் இடையே பொறி தாவிக்கொண்டிருக்கும்போது, அங்கே பாயும் மின்னோட்டம் அதில் செருகிய ஹீட்டர் வழக்கமாக எடுக்கும் 12 ஆம்பியரைத் தாண்டுவதே இல்லை. ஆகவே பிளாஸ்டிக் கருகிச் சுவருக்குள்ளிருக்கும் மரச்சட்டத்தில் தீப்பற்றினாலும் 15 ஆம்பியர் பிரேக்கர் பாட்டுக்குச் சும்மா இருக்கும். ஆர்க் ஃபால்ட் பிரேக்கருக்குள் இருக்கும் மின்னணுச் சுற்றோ, மின்னோட்ட அலையின் வடிவத்தை ஓயாமல் கவனித்து, பொறிக்கே உரிய ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது.

அந்நாட்டின் தேசிய மின் விதித்தொகுப்பு 1999 பதிப்பில் இதைப் படுக்கையறைப் பிளக் பாயிண்ட்களுக்கு மட்டும், அதுவும் 2002 ஜனவரி முதல், கட்டாயமாக்கியது. 2008இல் வரவேற்பறை, சாப்பாட்டறை, நடைவழி போன்றவையும், 2014இல் சமையலறையும் சலவையிடமும் சேர்ந்தன. இத்தொகுப்பை மாநிலங்கள் தத்தம் திருத்தங்களோடு ஏற்பதால், உள்ளூர் விதியைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

பழைய சுற்றை, அதாவது ஒரு பிரேக்கரிலிருந்து ஓடும் கம்பித்தடத்தை, நீட்டினாலும் இப்பாதுகாப்பு வேண்டும் என்பதே நம்மைத் தொடும் பகுதி. கம்பியை 6 அடிக்கு மேற்படாமல் நீட்டி, புதிய பாயிண்ட் எதுவும் சேர்க்காவிட்டால் விலக்கு உண்டு. பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியான பேனல் மிகப் பழையதாகி, அதற்குரிய ஏஎஃப்சிஐ பிரேக்கர் கிடைக்காத வீடுகளில், சுற்றின் முதல் பிளக் பாயிண்டையே ஏஎஃப்சிஐ வகையாக மாற்றுவதையும் விதி ஏற்கிறது.

“போட்டதிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது” என்று சலித்துக் கழற்றிவிடுபவர்களும் உண்டு. வாக்குவம் கிளீனரின் மோட்டார் எழுப்பும் பொறியைக் கண்டு ஏமாறுகிற பிரேக்கர்கள் இருக்கின்றன. தொடக்ககாலத்தவை இதில் மோசம். ஆனால் பழைய வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வெள்ளைக் கம்பியான நியூட்ரலைத்தான். பேனல் மூடியைத் திறந்ததும், ஒரே கேபிளிலிருந்து வரும் கறுப்பும் சிவப்பும் இரு வேறு பிரேக்கர்களுக்குப் போக, வெள்ளைக் கம்பி மட்டும் ஒன்றாக இருந்தால், இரண்டு சுற்றுகள் ஒரே நியூட்ரலைப் பகிர்கின்றன என்று பொருள். அங்கே ஒற்றை முனை (சிங்கிள் போல்) ஏஎஃப்சிஐ பொருத்தினால் விளக்கைப் போட்டதுமே விழக்கூடும். பகிர்ந்த நியூட்ரலுக்கென்றே வரும் இரட்டை முனை (டபுள் போல்) ஏஎஃப்சிஐ பிரேக்கர்தான் வேண்டும். வெள்ளைக் கம்பியைப் பழையபடி பொது நியூட்ரல் பட்டையிலேயே விட்டுவிடாமல், அந்தப் பிரேக்கரில் நியூட்ரலுக்கென்றுள்ள திருகில் முடுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன், சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, அந்த அறையின் விளக்கு, விசிறி, ஹீட்டர், வாக்குவம் கிளீனர் அனைத்தையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.